811ஏ வால்வு: ஃபிலமெண்ட் பின்னில் நிற்கும் வோல்டேஜ்தான் அதன் ஆயுள்

ஹாம் ரேடியோ சிக்னலின் பவரைக் கூட்ட இரண்டு 811ஏ வால்வுகள் பேரலலாக, கிரவுண்டட் கிரிட் ஆம்ப்ளிஃபயர்: வால்வுக்குள் இருக்கும் கிரிட் என்னும் கம்பிவலை தரையோடு இணைந்திருக்கும், சிக்னல் ஃபிலமெண்டில் நுழையும். இடம் களக்காட்டுப் பக்கம். வாழைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களும் அதே லைனில்தான். மோட்டார்கள் ஓடும் சாயங்காலத்தில் கரண்ட் 205 வோல்ட். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எல்லாம் நின்றதும் 250. நல்ல டிஎக்ஸ், அதாவது தொலைதூர நிலையங்கள், கேட்கிற நேரமும் அதுதான்.

முதலில் அளந்தது ஃபிலமெண்ட், அதாவது வால்வுக்குள் சூடேறி எலக்ட்ரான்களை வெளிவிடும் இழை. 230 வோல்ட் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் முனையில் 6.3. சாக்கெட்டின் 1, 4 பின்களில் வைத்தால் 6.1. நடுவில் ரேடியோ சிக்னல் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பாமல் தடுக்கும் சுருளான ஃபிலமெண்ட் சோக் இருக்கிறது: 1.6 மி.மீ. செம்புக்கம்பி, போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். சுமார் 17 மில்லி ஓம். இரண்டு வால்வுக்கும் சேர்த்து 8 ஆம்பியர் ஓடும்போது 0.14 வோல்ட் அதிலேயே போய்விடும். மிச்சம் போனது சாக்கெட்டில். வால்வைக் கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். பிடிமானம் தளர்ந்து சூடான அடையாளம். பின்னை நைஸ் எமரித்தாளால் தேய்த்து, சாக்கெட் தகட்டை இறுக்கினால் அந்த இழப்பு குறையும். டிரான்ஸ்ஃபார்மரில் அளந்துவிட்டு வோல்டேஜ் சரி என்று முடிவு கட்டக் கூடாது.

811ஏ-வுக்கு 6.3 வோல்ட், ஐந்து சதவீதம் கூடக் குறைய: 6.0 முதல் 6.6 வரை. 250 வரும் ராத்திரியில் பின்னிலேயே 6.63. பார்க்கச் சின்ன மீறல்தான். ஆனால் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழையின் மேல் கார்பன் ஏற்றிய படலம் இருக்கிறது. அது தீர்ந்தால் எமிஷன் (எலக்ட்ரான் வெளிவருவது) போய்விடும். மூன்று சதவீதம் வோல்டேஜ் ஏறினால் அந்தப் படலத்தின் ஆயுள் பாதியாகும் என்பது வால்வு தயாரிக்கும் ஐமாக் (Eimac) நிறுவனம் சொன்ன கணக்கு. ஐந்து சதவீதத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாயங்காலம் 205-ல் பின்னில் 5.4, அப்போது எமிஷன் போதாமல் பேச்சின் உச்சம் தட்டையாகி, பக்கத்து அலைவரிசைவரை சிதறும். இழை வெள்ளையாக எரிவதைப் பார்த்து எதையும் கணிக்க முடியாது. மீட்டர்தான் வேண்டும்.

ரிலே ஸ்டெபிலைசர் சரிப்படவில்லை. படிப்படியாகத் தாவுகிறது, பேசும் நடுவிலும் தாவுகிறது. மோட்டார் மூலம் தாவாமல் சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசர் வைத்ததும் பின்னில் 6.1 அசையாமல் நிற்கிறது. எலக்ட்ரான்களை இழுக்கும் பிளேட் தகட்டுக்குப் போகும் ஹைடென்ஷனுக்கும் அதுதான் பாதுகாப்பு: லோடு இல்லாதபோது 1500 வோல்ட் தருவது, 250 வரும்போது 1630 ஆகிவிடும். 811ஏ-வின் உச்ச வரம்பே 1500.

இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அதனால் ஆன் செய்த நொடியில் கரண்ட் பல மடங்கு பாயும். அதைத் தடுக்க டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் 220 ஓம், 20 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர். மூன்று நொடியில் ரிலே அதை ஷார்ட் செய்துவிடும்.

அடுத்தது பிளேட் சூடு. எஸ்எஸ்பி என்னும் பேச்சு முறையில் மீட்டர் முள் 300 மில்லி ஆம்ப் தொட்டாலும் சராசரி குறைவு, வால்வு தாங்கும். அதையே எஃப்டி8 என்னும் டிஜிட்டல் முறையில் 30 நொடிக்கு ஒருமுறை சுமார் 13 நொடி முழுக் கேரியராக (ஏற்ற இறக்கமில்லாத தொடர் அலையாக) விட்டால் கதை வேறு. 1400 வோல்ட், 300 மில்லி ஆம்ப் என்றால் உள்ளே 420 வாட். அறுபது சதவீதம் வெளியே போனாலும் 168 வாட் சூடாக நிற்கும். ஒரு வால்வுக்கு 84. இடைவிட்ட வேலைக்கே வரம்பு 65, தொடர் வேலைக்கு 45. ஆகவே எஃப்டி8-க்கு 150 மில்லி ஆம்பில் நிறுத்தினோம்: அதே அறுபது சதவீதக் கணக்கில் வால்வுக்கு 42 வாட். பிளேட்டில் சிவப்புத் தெரிந்தால் உடனே கீயை விட்டு, சிக்னல் அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

கிரிட் கரண்ட் ஒரு வால்வுக்கு 50 மில்லி ஆம்புக்கு மேல் கூடாது. ஆன்டெனாப் பக்க லோடிங் லேசாக இருந்தால் அது எகிறும். லோடு கண்டென்சரைத் திறந்து லோடிங்கைக் கூட்டினால் இறங்கும். டியூன் பிடிக்கப் பத்து நொடி, பிறகு ஆறவிடுதல்.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் கட்டாயம். கரண்ட் போனாலும் ஃபேன் நிற்காதபடி அதை இன்வெர்ட்டரில் மாட்டியாயிற்று. காற்று வழியில் கொசுவலை. சூட்டுக்கு வரும் பல்லி ஹைடென்ஷன் முனையில் ஏறினால் ஃபியூஸ் போகும். வலையைச் சுத்தம் செய்யும் முன் மெயினை அணைத்து, கண்டென்சரை டிஸ்சார்ஜ் குச்சியால் தொட்டு, வோல்டேஜ் பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்தபின்தான் கை உள்ளே போக வேண்டும்.

இப்போது ஃபிலமெண்ட் பிரைமரியில், எரிந்த மணிநேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் ஒன்று ஓடுகிறது. மாதம் ஒருமுறை உள்ளே கொடுக்கும் அதே டிரைவ், ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் அதே டம்மி லோடு, அதே 6.1 வோல்ட், அவுட்புட் வாட் நோட்டில் ஏறுகிறது.