ஆல்டாவின் பனியும் ஆல்ஃப் எங்கனும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டிக்கு வேலை மாற்றலில் வரும் நம்மவர்களை முதல் குளிர்காலத்தில் குளிரைவிட அதிகம் படுத்துவது புகைமூட்டம். மலைகள் சூழ்ந்த ஊர் இது. ஜனவரியில் மேலே வெதுவெதுப்பான காற்று படர்ந்துவிட்டால், தரையோடு தங்கிய குளிர்காற்றும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கிவிடும். எங்கள் மகளுக்கு இருமல் நின்றபாடில்லை. "மேலே போங்க, அங்கே வெயில் அடிக்கும்" என்று அலுவலக நண்பர் ஒருவர்தான் சொன்னார். லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் பேருந்து ஏறி, மலைமேலுள்ள பனிச்சறுக்குத் தலமான ஆல்டாவில் இறங்கினால் நீல வானம், கண் கூசும் வெயில், எங்கும் பனி. வார நாளில் வேலை, வாரக் கடைசியில் சவுத் ஜோர்டான் பிள்ளையார் கோயில் என்றிருந்த எங்கள் வாழ்க்கைக்குள் பனிச்சறுக்கு வந்தது அப்படித்தான்.

ஆல்டாவில் எங்கு திரும்பினாலும் ஒரு பெயர்: ஆல்ஃப் எங்கன். மகளைச் சேர்த்த பயிற்சிப் பள்ளி அவர் பெயரில். நன்றாகத் தேர்ந்தவர்கள் மட்டும் இறங்கும் ஒரு செங்குத்துச் சரிவும் அவர் பெயரில். யாரோ இந்த ஊர்ப் பெரிய குடும்பத்துக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். பார்க் சிட்டி அருகே ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, அவரும் வந்தேறியவர்.

நார்வேயில் பிறந்த எங்கன் 1929இல், இருபது வயதில், அமெரிக்கா வந்தார். பொருளாதாரமே சரிந்து விழுந்த ஆண்டு அது. ஊர் ஊராகப் போய், காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தின் முன் ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகைகளில் தாவிக் காட்டும் குழுவில் சேர்ந்தார். சால்ட் லேக்குக்குக் கிழக்கே எக்கர் ஹில் என்ற தாவல் மேட்டில் அவர் தாவிய தூரங்கள் அன்றைய சாதனைகள். தாவலோடு நிற்கவில்லை. தாவல், நெடுந்தூர ஓட்டம், சரிவில் வேகமாக இறங்கும் டவுன்ஹில், கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் போட்டியிலும் தேசிய சாம்பியன் ஆனார். 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர். அங்கேதான் அமெரிக்க வீராங்கனை கிரெட்சன் ஃப்ரேசர் ஸ்லாலமில் தங்கம் வென்றார்.

ஆல்டாவோ வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கத்துக்காக மரத்தையெல்லாம் வெட்டி மலையை மொட்டையடித்திருந்தார்கள். பனிச்சரிவில் பலர் செத்திருக்கிறார்கள். 1930களில் வனத்துறை வேலையில் இருந்த எங்கன் இந்த இடத்தைப் பார்த்து, பனிச்சறுக்குக்கு ஏற்றது என்று பரிந்துரைத்தார். 1939 தொடக்கத்தில் இங்கே சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

இந்தப் பனியின் சங்கதியே வேறு. பசிபிக்கிலிருந்து வரும் புயல், வழியிலுள்ள மலைகளில் ஈரத்தில் பெரும்பங்கை இறக்கிவிட்டு, குளிர்ந்து உலர்ந்து இங்கே ஏறுகிறது. ஆல்டாவில் சராசரியாக 100 அங்குலப் பனியை உருக்கினால் எட்டரை அங்குலத் தண்ணீர்தான் தேறும். ஆனால் ஒரு பருவத்தில் கொட்டுவது 500 அங்குலத்துக்கும் மேல். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, ஊதினால் பறந்துவிடும். பவுடர் என்பது இதைத்தான்.

அழுத்திச் சமன்செய்த பாதையில் திரும்பும்போது வெளிப்பக்கக் காலில் எடையைப் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். பவுடரில் அதையே செய்தால் அந்த ஸ்கீ மட்டும் அமிழ்ந்து, ஆள் குப்புற விழ வேண்டியதுதான். இரண்டு காலிலும் எடை ஒன்றுபோல இருக்க வேண்டும். எழும்பி, அமிழ்ந்து, மறுபடி எழும்பி, தாளம் விடாமல் போக வேண்டும். ஸ்கீ முனை கண்ணுக்கே தெரியாது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் பனிக்குள். காலில் உணர்வதை மட்டும் நம்பித் திரும்ப வேண்டும். இன்று நாம் அகலமான ஸ்கீயில் மிதக்கிறோம். இந்த வித்தையை உருவாக்கியவர்களில் ஒருவரான எங்கன் அதைச் சொல்லிக் கொடுத்தது ஒல்லியான நீண்ட மரப்பலகைகளில்.

ஒருநாள் லிஃப்டில் ஏறும்போது பக்கத்துச் சரிவில் இருவர் இறங்கினார்கள். முன்னவர் இடப்பக்கம் வளைந்த இடத்தில் பின்னவர் வலப்பக்கம் வளைந்தார். இரண்டு தடங்களும் குறுக்கே வெட்டி வெட்டி, சரிவு முழுக்க ஒரே அளவு எட்டுகள், மார்கழிச் சிக்குக் கோலம் போல. பவுடர் எயிட் என்று இதற்குப் போட்டியே உண்டு. வளைவின் உருண்ட வடிவம், இருவரின் ஒத்திசைவு, தாளம் எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில் நடக்கும் போட்டி பழமையானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ப்ளூ ரிவரில் உலகப் போட்டியையே நடத்தியவர் மைக் வீகலே. 1959இல் ஆஸ்திரியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர். இந்த விளையாட்டின் வரலாற்றில் எந்தப் பக்கம் புரட்டினாலும் பெட்டியோடு கப்பலிறங்கிய ஒருவர் நிற்கிறார். இது நமக்குரிய இடமா என்ற தயக்கம் எனக்கு வெகுநாள் இருந்தது. பூட்ஸை இறுக்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது இப்போது அது எழுவதில்லை.

பட்டங்களையெல்லாம்விட எங்கனிடம் நான் பெரிதாக மதிப்பது ஒன்று. உள்ளூர்ப் பத்திரிகையான டெசரெட் நியூஸோடு சேர்ந்து, ஊர் மக்களுக்கு இலவசமாகப் பனிச்சறுக்கு கற்றுக் கொடுத்தார். ஆல்டா பயிற்சிப் பள்ளியை 1989 வரை நடத்தினார். காசுள்ளவர்களின் பொழுதுபோக்காக மட்டும் இது நின்றுவிடாததற்கு அவர் ஒரு காரணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: முதல் பருவத்தில் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். பள்ளிக் குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாஸ் உண்டு, விசாரியுங்கள். அப்புறம், லிஃப்ட் எல்லைக்கு வெளியே கால் வைப்பதாக இருந்தால் பனிச்சரிவு அபாயத்தை முன்னறிவிக்கும் யூட்டா அவலாஞ்ச் சென்டரின் அன்றைய அறிக்கையைப் படிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.