மாண்டிசெல்லோ: ஜெஃபர்சனின் வீடும் அதை நடத்தியவர்களும்

வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது மாண்டிசெல்லோ. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும் அந்நாட்டின் மூன்றாவது அதிபருமான தாமஸ் ஜெஃபர்சன், தந்தைவழி வந்த நிலத்தில் 1768இல் குன்றின் தலையைச் சமப்படுத்தத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் கட்டியும் இடித்தும் உருவாக்கிய வீடு இது. சுற்றியிருந்த பண்ணை 5,000 ஏக்கர். முதலில் புகையிலையும் பிறகு கோதுமையும் விளைந்தன. பார்வையாளர் மையத்திலிருந்து சிறு பேருந்தில் மேலேறி வந்து பார்த்தால் வீடு ஒற்றைத் தளமாகவே தெரிகிறது. உண்மையில் அதற்கு மேலே இரண்டு தளங்கள் உண்டு. சன்னல்களை அமைத்த விதத்தால் அவற்றை மறைத்திருக்கிறார். உள்ளே போகப் போக, மறைப்பதுதான் இந்த வீட்டின் தனிக்கலை என்று எனக்குப்பட்டது.

முன்கூடத்துக் கடிகாரத்தின் எடைகள் பீரங்கிக் குண்டுகள் போன்றவை. அவை இறங்க இறங்கச் சுவரில் குறித்த கிழமைகளைக் காட்டும். சுவரின் உயரம் போதாமையால் தரையில் துளையிட்டு, சனிக்கிழமையை நிலவறைக்கு அனுப்பிவிட்டார். படுக்கையறைக்கும் எழுத்தறைக்கும் நடுவே, சுவரின் மாடத்துக்குள் கட்டில். ஒருபுறம் இறங்கினால் உடை மாற்றலாம், மறுபுறம் இறங்கினால் எழுத உட்காரலாம். அந்த எழுத்தறையில், ஒரு பேனா நகரும்போது இன்னொரு பேனா அதையே படியெடுக்கும் இயந்திரம் இருக்கிறது. தமக்கென இவ்வளவு யோசித்தவர், வீட்டாரும் விருந்தினரும் மாடிக்கு ஏற இரண்டடி அகலப் படிக்கட்டுகளோடு நிறுத்திக்கொண்டார்.

மனைவி மார்த்தா 1782இல் இறந்தார். அவர் பெற்ற ஆறு குழந்தைகளில் வளர்ந்து பெரியவர்களானவர்கள் இரண்டு மகள்களே. ஜெஃபர்சன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பதவியிலிருந்து 1809இல் ஓய்வு பெற்று வந்த பின், மூத்த மகள் மார்த்தா ராண்டால்ஃப் தம் பெரிய குடும்பத்தோடு இங்கே தங்கி வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். பேரப்பிள்ளைகளும் ஓயாத விருந்தினருமாக வீடு நிறைந்திருந்தது.

உணவறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். கணப்படுப்பின் இருபக்கங்களிலும் மறைந்துள்ள சிறு தூக்கிகளில், கீழேயுள்ள மது அறையிலிருந்து புட்டிகள் ஏறிவரும். சமையலறையோ தெற்குப் பக்கத் திறந்த மேல்தளத்துக்கு அடியில். அங்கிருந்து நிலவறை வழியாகக் கொண்டுவந்த பாத்திரங்களை ஒரு சுழல்கதவின் தட்டுகளில் வைத்துத் திருப்பினால் உணவறைக்குள் வந்துவிடும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வேலையாட்களுக்குக் கொல்லைப்புற வாசல் வைத்தார்கள். இங்கே வாசலோடு ஆட்களையும் கண்ணுக்குப் படாமல் செய்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் இவற்றைப் புத்திசாலித்தனம் என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை.

'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதியவர் தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். வீட்டுக்குக் கீழே ஓடும் மல்பெரி சாலையில் தச்சுப்பட்டறையும் கொல்லுலையும் ஆணிப்பட்டறையும் அவர்களின் குடிசைகளும் இருந்தன. ஆணி அடித்தவர்கள் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள். அவர்களுக்குக் கொடுத்த இரும்பையும் திரும்பி வந்த ஆணியையும் எடைபோட்டு ஜெஃபர்சனே கணக்கெழுதினார். அச்சாலைக்குக் கீழே 1,000 அடி நீளத்துக்கு மலைச்சரிவை வெட்டி அமைத்த காய்கறித் தோட்டம் அழகானது. அந்தச் சரிவை வெட்டியவர்களும் அடிமைகளே.

தெற்குப் பக்க அறைகளுள் ஒன்று 2018 முதல் சாலி ஹெமிங்ஸின் வாழ்க்கையைச் சொல்கிறது. அவர் ஜெஃபர்சனின் மனைவிக்கு ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த தங்கை; ஆனால் அடிமை. 1787இல், பதினான்கு வயதில், ஜெஃபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். 1998இல் நடந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு, சாலியின் ஆறு பிள்ளைகளுக்கும் ஜெஃபர்சன் தந்தையாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று இந்த இடத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளையே 2000இல் அறிவித்தது. சாலியின் மகன் மேடிசன் இதை 1873இலேயே சொல்லியிருந்தார். அவர் பேச்சை நம்புவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று, 1,07,000 டாலர் கடனோடு அந்த மாடக் கட்டிலில் இறந்தார். கடனை அடைக்க, அடுத்த ஜனவரியில் ஏறத்தாழ 130 அடிமைகள் ஏலத்தில் விடப்பட்டனர். கொல்லர் ஜோசஃப் ஃபாசெட்டுக்கு உயிலில் விடுதலை கிடைத்தது. மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. வாஷிங்டனில் அதிபர் மாளிகையிலேயே பிரெஞ்சுச் சமையல் கற்று, சுழல்கதவுக்குப் பின்னாலிருந்து பல ஆண்டுகள் அந்த விருந்துகளைச் சமைத்தவர் இதே ஈடித். ஜோசஃப் உழைத்துச் சம்பாதித்தும் உறவினர் உதவியோடும் தம் குடும்பத்தாரில் சிலரை மீட்டு ஒஹாயோவுக்குக் குடிபெயர்ந்தார். ஏலத்தின்போது பதினொரு வயதாக இருந்த மகன் பீட்டர் பிற்பாடு விடுதலையடைந்து சின்சினாட்டியில் போதகரானார்; 1900இல் மாண்டிசெல்லோவுக்கு மீண்டும் வந்து, தாம் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.