முன் சக்கரத்தின் பாரம்: கீழக்கரை நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

துபாயிலிருந்து மச்சான் கடல் கார்கோவில் போட்டுவிட்ட பெட்டி பெருநாளுக்கு முன்பே வந்துவிடும் என்றார்கள். பெருநாள் கறி தீர்ந்த பிறகு இன்றுதான் வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது, அத்தனையும் இரும்பு.

உள்ளே இருப்பது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது வண்டியின் பின்னால் கேரவனை (இழுத்துப் போகும் சக்கர வீட்டை) மாட்டி, அதன் பாரத்தை எல்லா அச்சுகளுக்கும் பகிர்ந்துவிடும் இணைப்பு. வண்டியின் ரிசீவரில் (பின்பக்கத்துச் சதுரக் குழாயில்) செருகும் தண்டு, அதில் மாட்டும் தலை, தலையில் உட்காரும் 2 இஞ்ச் குண்டு, தலையின் அடியிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு வில் கம்பிகள், கேரவனின் முன்னால் நீளும் ஏர்க்கால் சட்டத்தில் பூட்டும் கொக்கிகள், சங்கிலி. அவ்வளவுதான். கோயம்புத்தூரில் கேரவனைக் கட்டக் கொடுத்தபோதே இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுத்திருந்தேன். கப்ளர் (குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டும் கேரவனின் வாய்) 2 இஞ்ச் அளவில் இருக்க வேண்டும், பிரேக் மின்சாரத்தில் வேலை செய்ய வேண்டும். 2 இஞ்ச் என்றால் 50.8 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவான 50 மில்லிமீட்டர் கப்ளரை இந்தக் குண்டில் அழுத்தினால் சரியாக உட்காராது. கேரவன் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற வகைப் பிரேக்கோடு இந்த ஹிட்சைச் சேர்ப்பதும் சிக்கல். தயாரிப்பாளர் கையேட்டில் சம்மதம் சொல்லியிருந்தால் மட்டுமே சேர்க்கலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "எதுக்கு இவ்வளவு செலவு? பின்னாடி ஒரு பட்டை வில்லு சேத்துப் போட்டா வண்டி தூக்கிக்கும்ல?"

தூக்கிக்கொள்ளும்தான். ஆனால் என் கவலை வண்டியின் பின்பக்கத்தைப் பற்றியது அல்ல.

ஜூன் 11, புதன்

கருவாடு காயப்போடும் சிமெண்டுத் தளத்தை ஒரு காலைப் பொழுதுக்கு இரவல் வாங்கினேன். ஊரில் அவ்வளவு சமமான தரை வேறு இல்லை. வாடை மட்டும் சட்டையிலேயே தங்கிவிட்டது.

கேரவனைத் தனியாக நிறுத்தி, கொத்தனாரின் ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்து, முன் ஜாக்கியால் மட்டம் பார்த்தேன். அந்த நிலையில் கப்ளர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதைவிட ஒரு இஞ்ச் தூக்கலாகக் குண்டின் மேல்விளிம்பு வரும்படி தலையைத் தண்டில் பூட்டினேன். பாரம் ஏறியதும் வண்டி எப்படியும் கொஞ்சம் அமுங்கும்.

குண்டின் நட்டை முறுக்கக் கையேடு 430 அடி-பவுண்டு என்கிறது. நம்மிடம் உள்ள டார்க் ரெஞ்சு அதில் பாதிக்குக்கூட வராது. லாரிப் பட்டறைக் காக்காதான் (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) தன்னுடைய ஆள் உயர ரெஞ்சைக் கொண்டுவந்து முறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, டீ மட்டும்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்து ஏர்க்கால் பாரத்தை எடுத்தோம். கப்ளர் குண்டின் மேல் எத்தனை கிலோவை வைக்கிறது என்பதுதான் இது. கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் வேகத்தில் கேரவன் வால் ஆட்டும். ஆட்டம் முற்றினால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

வீட்டு எடைக் கருவி 150 கிலோவோடு நின்றுவிடும். அதனால் ஒரு கனமான பலகையை எடுத்து, ஒரு முனையைக் கல்லின் மேலும், அங்கிருந்து மூன்றடி தள்ளி எடைக் கருவியின் மேலும் வைத்தோம். ஜாக்கிக் காலைக் கல்லிலிருந்து ஒரு அடியில் இறக்கினோம். கருவி காட்டுவது உண்மையான பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 57 காட்டியது, ஆக, 170 கிலோவுக்குப் பக்கம். கேரவன் முழுச் சாமானோடு 1,400 கிலோ என்று வைத்தால் 12 சதவீதம். நல்ல கணக்கு.

இது தண்ணீர்த் தொட்டி நிரம்பி இருக்கும்போது. நம் மாவட்டத்தில் தண்ணீர் இல்லாமல் யார் வெளியே கிளம்புவார்கள்? கடற்கரையில் எங்கே இறங்கினாலும் உப்புத் தண்ணீர்தான். 150 லிட்டர் தொட்டியை நான் கேட்டு வாங்கிய இடம் அச்சுக்கு முன்னால், 90 சென்டிமீட்டரில். குண்டிலிருந்து அச்சு 3.6 மீட்டர். அப்படியென்றால் அந்த 150 கிலோவில் கால் பங்கு, 37 கிலோ சொச்சம், குண்டின் மேல் வந்து நிற்கிறது. குளித்து, சமைத்துத் தொட்டி காலியானால் ஏர்க்கால் பாரம் 132 கிலோவுக்கு இறங்கும். அப்போது கேரவன் 1,250 கிலோ, பாரம் 10.6 சதவீதம். விளிம்பில் நிற்கிறது, ஆனாலும் உள்ளேதான். இதே தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்திருந்தால் கதை தலைகீழ். தொட்டி நிரம்பும்போதுதான் குண்டின் பாரம் குறையும், அதாவது கேரவன் மிகக் கனமாக இருக்கும் நேரத்தில்தான் ஆட்டமும் தொடங்கும். கேரவன் கட்டக் கொடுக்கிறவர்கள் சோபாத் துணியின் நிறத்தைக் கேட்கிறார்கள், தொட்டி எங்கே என்று கேட்பதில்லை.

தளத்துப் பெரியவர் ஒருவர் பலகையையும் கல்லையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இளவயதில் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றியவர். "முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து போகும், பின்பாரம் ஏறினா நுகத்தடி மாட்டையே தூக்கும். இம்புட்டுதானே தம்பி?" என்றார். இம்புட்டுதான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கம்பிகளைப் பூட்டினோம். காலையிலிருந்து கச்சான் காற்று அடித்துத் தள்ளுகிறது. அளவு நாடாவைப் பிடிக்கவே ஒரு ஆள்.

அளக்க வேண்டியது முன் சக்கர வளைவின் உயரத்தை. தரையிலிருந்து சக்கரத்தின் நடு வழியாக மட்கார்டு விளிம்பு வரை. வண்டி தனியாக 850 மில்லிமீட்டர். கேரவனை மாட்டி, கம்பி போடாமல், 868. பின்பக்கம் அமுங்கியது எல்லோர் கண்ணிலும் பட்டது. முன்பக்கம் 18 மில்லிமீட்டர் எழும்பியதை நாடாதான் சொன்னது. ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்த முன் சக்கரங்கள்தான். இரவில் முகப்பு விளக்கும் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும்.

கணக்கு இப்படி: எங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து குண்டு 1.15 மீட்டர் வெளியே. குண்டில் 170 கிலோ வைத்தால் பின் அச்சு நெம்புமுனையாகி முன்னால் 71 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சில் ஏறுவது 170 அல்ல, 241. பட்டை வில் சேர்த்தால் பின்பக்கம் உயரும், கண்ணுக்கு வண்டி நேராக நிற்கும். முன்னால் போன 71 கிலோ திரும்பி வராது. அதைத் திருப்பிக் கொண்டுவருவது இந்த வில் கம்பிகள். தலையில் பொருந்திய கம்பியின் மறுமுனையைச் சங்கிலி மேலே இழுத்து வளைக்கும்போது, அந்த முறுக்கு வண்டியின் மூக்கைக் கீழே அழுத்துகிறது. கொஞ்சம் பாரம் கேரவனின் அச்சுக்கும் போகிறது.

சங்கிலியை மாட்டுவதற்கு முன் கப்ளரைப் பூட்டிய நிலையிலேயே ஜாக்கியால் வண்டியின் பின்பக்கத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். அப்போது கொக்கி கையாலேயே ஏறிவிடும். தூக்காமல் கடப்பாறையை நெம்பி ஏற்றுகிறவர்கள் உண்டு. முறுக்கேறிய கம்பி விட்டால் கடப்பாறை தாடையைப் பேர்த்துவிடும். அவிழ்க்கும்போதும் இதே கதை, நேர் எதிரில் நிற்கவே கூடாது.

தலையைப் பின்னோக்கிச் சாய்க்க உள்ளே வாஷர்கள் உண்டு. வாஷர் கூடினால் சாய்வு கூடும், கம்பியின் இழுப்பும் கூடும். சங்கிலிக் கண்ணியைக் குறைத்தும் இழுப்பைக் கூட்டலாம். ஆனால் சங்கிலி மிகவும் குட்டையானால் வளைவில் திரும்பும்போது இறுக்கிப் பிடிக்கும், அதனால் பெரிய மாற்றம் என்றால் வாஷரில்தான். ஒரு வாஷர் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒரே கண்ணியில் மாட்டிய பிறகு முன் உயரம் 855-க்கு வந்தது. கம்பிகள் ஏர்க்கால் சட்டத்துக்கு இணையாக நிற்கின்றன. 850-க்கே கொண்டுவர வேண்டும் என்று மச்சான் வாட்சப்பில் பிடிவாதம் பிடிக்கிறான். எழும்பிய உயரத்தில் பாதியாவது திரும்ப வேண்டும் என்பது ஒரு தயாரிப்பாளர் சொல்வது, முழுதும் என்பது இன்னொருவர் சொல்வது. வண்டியின் கையேடு சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் பின் சக்கரம் இலேசாகி ஈரச் சாலையில் வழுக்கும். நான் 855-இல் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

உப்பு லாரிகள் ஏறுகிற எடை மேடை. மேடைக்காரர் "காலி வண்டிக்கா எடை?" என்று சிரித்தார். வீட்டு ஆட்களையெல்லாம் உள்ளே உட்காரவைத்து ஒவ்வோர் அச்சாக ஏற்றினேன்.

வண்டி தனியாக: முன் 1,060, பின் 1,000. கேரவனோடு, கம்பி இல்லாமல்: முன் 990, பின் 1,240, கேரவன் அச்சு 1,230. கம்பியோடு: முன் 1,040, பின் 1,160, கேரவன் அச்சு 1,260. முன்னால் போன 70-இல் 50 திரும்பிவிட்டது. நாடாவும் மேடையும் ஒத்துப்போகின்றன. இந்தச் சீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், பட்டை வில் யோசனை சொல்கிறவர்களுக்குக் காட்ட.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஹிட்ச் வண்டியின் இழுவைத் திறனைக் கூட்டுவதில்லை. தாங்காத எடை தாங்காததுதான்.

ஜூன் 21, சனி

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன். பாலத்துக்கு முன்னால் நிறுத்திக் கொக்கிகளைப் பார்த்தேன். 1988-இல் திறந்த சாலைப் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்க இடமில்லை. இந்த ஏப்ரலில் பக்கத்தில் புது ரயில் பாலம் திறந்த பிறகு, கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் அதன் தூக்குப் பகுதியைப் படம் பிடிக்க நடுப்பாலத்தில் பிரேக் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது கச்சான் வலது பக்கமிருந்து வருகிறது. கேரவன் ஒரு பெரிய சுவர் மாதிரி அதை வாங்குகிறது. வேகத்தை 40-க்குக் குறைத்தேன். தள்ளுவது தெரிந்தது, ஆனால் ஸ்டீயரிங் கையில் கனமாக நின்றது, வால் ஆடவில்லை. பாரத்தைப் பகிர்வது ஒன்று, ஆட்டத்தை அடக்குவது இன்னொன்று. உராய்வுக் கட்டை உள்ள ஹிட்ச்தான் இரண்டாவதையும் செய்யும். எங்களுடையதில் அது இல்லை. ஏர்க்கால் பாரம் சரியாக இருப்பதே பாதிக் காவல், மீதி வேகத்தில் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

திரும்பும் வழியில் அரியமான். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை கொந்தளிக்க, பாக் விரிகுடாப் பக்கம் குளம் மாதிரி கிடந்தது. தார்ச்சாலையிலிருந்து மணல் தடத்துக்கு இறங்கும் பள்ளத்துக்கு முன் கம்பிகளைக் கழற்றிவிட்டேன். வண்டியும் கேரவனும் பள்ளத்தில் எதிரெதிராக மடங்கும்போது பூட்டிய கம்பி ஹிட்சையோ சட்டத்தையோ வளைத்துவிடும். உள்ளே மெதுவாக உருட்டிக்கொண்டு போக அது தேவையும் இல்லை.

பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். நான் நல்ல தண்ணீரில் தலையையும் கம்பிகளையும் கழுவினேன். தொட்டியில் பாதி அதற்கே போயிற்று, வீட்டம்மாவின் பேச்சையும் வாங்கினேன். உப்புக் காற்றில் ஒரு இரவிலேயே சங்கிலி செம்பட்டையாகிவிடுகிறது. குண்டுக்கும் கம்பி நுழையும் துளைக்கும் கிரீஸ் பூசி, குண்டை மூட ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவைத்தேன். வீட்டுக்குப் போனதும் தலையின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவை தளர்வது வழக்கம், அதற்கும் காக்காவின் ரெஞ்சுதான் வேண்டும்.