வாரம் ஒரு மாத்திரையும் என் கடைவாய்ப் பல்லும்

"தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று பல் மருத்துவமனையில் கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்றேன். தினமும் சாப்பிடுவது அவை இரண்டுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பேனே, எலும்பு பலத்துக்கான அந்த 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை நினைவுக்கே வரவில்லை. 6 வருடமாக அதைச் சாப்பிடுகிறேன்.

மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்த பிறகு மருத்துவர் இன்னொரு முறை கேட்டார்: "எலும்பு பலத்துக்கு வாரத்துக்கு ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்திரையோ ஊசியோ ஏதாவது உண்டா?" அப்போதுதான் சொன்னேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அன்று பல் பிடுங்கவில்லை. அந்த இரண்டாவது கேள்விக்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பல்லின் கதை சின்னது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் விரிசல் வேர் வரை இறங்கி, சீழ் வைத்திருந்தது. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடிந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு எலும்பைத் தொடாத சிகிச்சையே முதல் தேர்வு என்றார். என் பல்லுக்கு அந்த வழி இல்லை.

ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். நம் எலும்பு எந்நேரமும் கரைந்து, எந்நேரமும் கட்டப்படுகிறது. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். பின்னாலேயே இன்னொரு வகை வந்து அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும். மாதவிடாய் நின்ற பிறகு கரைப்பது வேகமெடுக்கும், நிரப்புவது ஈடுகொடுக்காது. எலும்புப்புரை அப்படித்தான் வருகிறது. அலெண்ட்ரோனேட் போய் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். கரைக்க வரும் செல் எலும்போடு சேர்த்து அதையும் உள்ளே இழுக்கும், இழுத்ததும் செயலிழக்கும். அதனால் எலும்பு மிஞ்சுகிறது. ஆனால் கரைப்பதும் கட்டுவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடக்கும் வேலைகள். முன்னது குறைந்தால் பின்னதும் மந்தமாகும்.

தாடைக்கு இது ஏன் முக்கியம்? பல் பிடுங்கிய குழி ஆற வேண்டுமென்றால் அதன் ஓரத்து எலும்பு கரைந்து புதிது வளர வேண்டும். பல்லைத் தாங்கும் எலும்பு மற்ற எலும்புகளைவிட வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. மேலே மெல்லிய ஈறுதான் மூடி, அதற்கு மேல் வாய்க்குள் இருக்கும் கிருமிகள். மிகச் சிலருக்கு அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தபடியே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் போனில் படங்களைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காலையில், இனி அந்த மாத்திரையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நல்லவேளை, எலும்பு மருத்துவரைப் பார்க்கும் நாள் பக்கத்திலேயே இருந்தது.

அவர் முதலில் கணக்கைச் சொன்னார். எலும்புப்புரைக்காக மாத்திரை சாப்பிடும் 10,000 பேரில் இந்தத் தாடைச் சிக்கல் வருவது சுமார் 5 பேருக்கு, அல்லது அதற்கும் குறைவு. பல் பிடுங்கினால் கூடும். அப்போதும் 1,000 பேரில் ஒன்றிரண்டு என்ற அளவுதான். 2003-ல் இந்தப் பிரச்சினை முதன்முதலில் வெளியே வந்தபோது பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை மாதாமாதம் ஊசியாக, பல மடங்கு அதிக அளவில் எடுத்தவர்கள். மறுபக்கம், 6 வருடத்துக்கு முன் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் என் முதுகெலும்பின் அளவு மைனஸ் 2.9. மருந்தில்லாமல் விட்டிருந்தால் முதுகெலும்போ இடுப்போ முறிய இருந்த வாய்ப்பு அதைவிட எத்தனையோ பெரியது. தவிர, மருந்து எலும்புக்குள் பல வருடம் தங்கும். இரண்டு ஞாயிறு விட்டால் தாடையிலிருந்து இறங்கிவிடாது. எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சிடிஎக்ஸ் அளவை ரத்தத்தில் பார்க்கலாமா என்றும் கேட்டேன். யாருக்கு வரும் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றார்.

அப்புறம் பல் மருத்துவர் முதலில் ஈறுகளை இரண்டு தடவையாகச் சுத்தம் செய்தார். பிடுங்குவதைவிட ஏற்கெனவே இருக்கும் கிருமித் தொற்றுதான் தாடைக்குப் பெரிய எதிரி என்பது அவர் கருத்து. பிறகு ஒரு நாள், பல்லை இரண்டாக வெட்டி மெதுவாக எடுத்தார். கூரான எலும்பு ஓரங்களைத் தேய்த்து, ஈறை இழுத்துத் தைத்தார். ஆன்டிபயாட்டிக்கும், குளோர்ஹெக்சிடின் கொண்டு வாய் கொப்பளிப்பதும் கொஞ்ச நாளைக்கு.

மூன்றாவது வாரம் நாக்கில் கூராக ஏதோ தட்டுப்பட்டது. என் கை நடுங்கிவிட்டது. மறுநாளே ஓடினேன். சின்ன எலும்புச் சில்லு ஒன்று தானாக மேலே வந்திருக்கிறது. இடுக்கியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, அடியில் சிவப்பாக நல்ல சதை. இது யாருக்கும் நடப்பதுதான் என்றார். எலும்பு வெளியே தெரிந்தபடியே 8 வாரத்துக்கு மேல் நின்றால்தான் அந்த நோய் என்று பெயர் வைப்பார்களாம். ஆனால் அதுவரை வீட்டில் காத்திருக்காமல் உடனே வந்தது சரி என்றார். 8-வது வாரம் போனபோது ஈறு முழுவதும் மூடியிருந்தது.

இப்போது மாத்திரைக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். நானாக நிறுத்தியது இல்லை. புது டெக்ஸாவில் மைனஸ் 2.3, முன்பைவிடத் தேவலை, எலும்பு முறிவு எதுவும் கிடையாது. 5 வருடத்துக்கு மேல் சாப்பிட்டாகிவிட்டது, எலும்பில் சேர்ந்திருப்பது இன்னும் வேலை செய்யும் என்று எலும்பு மருத்துவர் சொன்ன முடிவு. நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு அரிதாகத் தொடை எலும்பிலும் விரிசல் வரலாம், தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலித்தால் தள்ளிப்போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்.

என் கதையைக் கேட்ட அக்கா, "நான் அடுத்த ஊசியைப் போட்டுக்கப் போறதில்லைடி" என்றாள். எனக்குப் பகீரென்றது. அவள் எலும்புப்புரைக்கு எடுப்பது 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப். என் மாத்திரைபோல அது எலும்பில் தங்காது. கரைக்கும் செல் உருவாகத் தூண்டும் புரதத்தைப் பிடித்துவைக்கும், 6 மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். நிறுத்தினால் அதுவரை அடங்கியிருந்த கரைப்பு மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டதுகூட முறியலாம். நாள் வந்தபின் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது என்று என் மருத்துவரே சொன்னார். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அந்த இடத்தில் வேறு மருந்து வர வேண்டும். பல் வேலை இருந்தால் இரண்டு ஊசிக்கு நடுவில் நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். இதையெல்லாம் அவளுக்கு இரண்டு மூன்று முறை சொன்னேன், கோபித்துக்கொண்டும் சொன்னேன்.

போன வாரம் ஊசி போட்டுக்கொண்டாள். அதற்கு முன்பு போய்ப் பல்லையும் காட்டிவிட்டு வந்தாள். தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்றுதான் அங்கேயும் கேட்டார்களாம். அக்கா ஊசி அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறாள்.