பேதுருவும் ஓர் ஆடுதான்

இத்தாலியின் ராவென்னாவில் எல்லோரும் முதலில் போவது ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியா பெயரிலுள்ள கல்லறை மண்டபத்துக்கு. ஐந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். வெளியே வெறும் செங்கல். உள்ளே தலைக்கு மேல், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்த மொசைக் ஓவியமாக, கருநீல வானமும் பொன் விண்மீன்களும். வாசலுக்கு மேலே நல்ல மேய்ப்பராக இயேசு: தாடியில்லாத இளைஞர், பொன்னாடை, ஊதா மேலாடை, கோலுக்குப் பதில் சிலுவை, ஆறு ஆடுகள். ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைகளில் இவருக்கு முந்தைய மேய்ப்பர் இருக்கிறார். அவர் ஆட்டைத் தோளில் சுமக்கும் எளிய இடையர். பேரரசர்கள் கிறிஸ்தவர்களானபின் மேய்ப்பருக்கும் அரச உடை வந்துவிட்டது. எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் அவர் கை ஓர் ஆட்டின் முகத்தை வருடுகிறதே, அதற்காகவே அவரை ஏற்றுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஊருக்கு வெளியே, கிளாஸ்ஸேயில் இருக்கும் புனித அப்பொல்லினாரிஸ் பேராலயத்தைப் பற்றி. 549இல் ஆயர் (பிஷப்) மாக்சிமியான் அதை அர்ப்பணித்தார். பீடத்துக்குப் பின்னாலுள்ள வளைவு முழுவதும் பச்சைப் புல்வெளி. நடுவில், ராவென்னாவின் முதல் ஆயராக மரபு போற்றும் அப்பொல்லினாரிஸ். கையில் கோல் இல்லை. இரு கைகளையும் விரித்து உயர்த்தி மன்றாடுகிறார். இருபுறமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு ஆடுகள். ஆடுகள் நிற்கும் அதே புல்லில்தான் அவரும் நிற்கிறார்.

மேலே இயேசு மலையில் தோற்றம் மாறிய காட்சி. விண்மீன் வட்டத்துக்குள் பெரிய சிலுவை. இரு பக்கமும் இறைவாக்கினர்கள் மோசே, எலியா. அன்று உடனிருந்த சீடர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மனித உருவில் இல்லை, மூன்று ஆடுகளாக அண்ணாந்து பார்க்கிறார்கள். இதைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தம் ஆடுகளை மேய்க்கச் சொல்லி உயிர்த்த இயேசு மூன்று முறை ஒப்படைத்தது இந்தப் பேதுருவிடம்தானே! அவரே தம் முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மந்தையை அடக்கி ஆளாதீர்கள், தலைமை மேய்ப்பர் வருவார் என்று திருச்சபை மூப்பர்களை எச்சரிக்கிறார். கொழுத்ததைத் தின்று, கம்பளியை உடுத்தி, மந்தையைக் கவனியாத மேய்ப்பர்களை விவிலியத்தின் எசேக்கியேல் நூல், 34ஆம் அதிகாரம் சாடுகிறது. மந்தையை நடத்துகிறவர் தாமும் மந்தைக்குள் ஓர் ஆடு என்று மறக்கும்போதுதான் அந்தக் கேடு தொடங்குகிறது என்று நம்புகிறேன். குருக்களும் போதகர்களும் ஒருமுறையாவது இந்த வளைவின் கீழ் நிற்க வேண்டும்.

ராவென்னா திரும்பினால் நகருக்குள்ளேயே அதே புனிதர் பெயரில் இன்னொரு ஆலயம், சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ. அதன் சுவரில் மிக உயரத்தில் இருக்கும் சிறு மொசைக்குகளைப் பார்க்கத் தொலைநோக்கி கொண்டுபோங்கள். ஒன்றில் இயேசு, இறுதித் தீர்ப்பின் அடையாளமாக, செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கிறார். அவர் அருகே இரண்டு வானதூதர்கள் மட்டும். அந்த வேலைக்கு ஆயர் எவரும் அழைக்கப்படவில்லை.