கல்லை நட்டவர் யார்?

தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் தம் குடும்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், திரும்பிப் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள இடம் என்று ஒன்று பெரும்பாலும் மிஞ்சியிருப்பதில்லை. நான் வளர்ந்த நேதாஜி நகர், 2016இல் மத்திய அமைச்சரவை மறுகட்டுமானத்துக்கு ஒப்புதல் அளித்த ஏழு அரசுக் குடியிருப்புகளுள் ஒன்று. எங்கள் வீடும், மாடிப்படிக்கு அடியில் அப்பா சைக்கிள் நிறுத்திய மூலையும் இன்று இல்லை. அப்பாவை நிகம்போத் காட் சுடுகாட்டில் தகனம் செய்து அஸ்தியை ஹரித்துவாரில் கரைத்தோம். தஞ்சைப் பக்கத்துப் பூர்வீக வீட்டை அவரே விற்றிருந்தார். எரிக்கும் மரபில் வந்த எனக்குப் புதைக்கும் மரபினரின் கல்லறைத் தோட்டங்கள் மீது பற்று உண்டானதற்கு இந்த இடமின்மையே காரணமாக இருக்க வேண்டும். அங்கிருந்து திரும்பினால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று அம்மா கடைசிவரை வற்புறுத்தினார். நானும் வாதாடாமல் குளித்தேன்.

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவருக்கோ கல்லறைகளில் துளியும் ஆர்வமில்லை. மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அவரை, குடியிருப்பில் எல்லோரும் அழைத்ததுபோல் நானும் மாமி என்றே அழைத்தேன். “உயிரோட இருக்கற என்னைப் பாக்க நேரமில்ல, செத்தவங்களைப் பாக்க மட்டும் பஸ் ஏறிப் போறியா?” என்பார். ஆனால் அவர் கற்பித்த முறையோடு போனதால்தான் அந்தத் தோட்டங்கள் எனக்குப் படிக்கக் கிடைத்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, தாளின் ஓரத்தில், ‘க’, ‘கே’, ‘ஊ’ என்று ஏதேனும் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்: கண்டது, கேட்டது, ஊகித்தது. தாத்தாவைப் பற்றி நான் பெருமையோடு எழுதிய அத்தியாயம் முழுவதும் ‘கே’ என்று நிறைந்தபோது, யார் சொன்னது, எப்போது சொன்னது, அப்போது சொன்னவருக்கு யார் மேல் கோபம் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். பாசமுள்ள, பொறுமையான, நேர்மையான என்பன போன்ற அடைமொழிகளைக் கண்டால் காரணம் சொல்லாமலே அடித்துவிடுவார்.

காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் இருக்கும் நிக்கல்சன் கல்லறைத் தோட்டத்தை இந்த மூன்று குறிகளோடு படித்தால், அது வேறொரு நூலாகிவிடுகிறது. 1857 கிளர்ச்சியின்போது தில்லியைக் கைப்பற்றப் பிரிட்டிஷ் படை செப்டம்பர் 14ஆம் நாள் நடத்திய தாக்குதலில் காயமுற்று 23ஆம் நாள் இறந்த படைத்தலைவர் ஜான் நிக்கல்சனின் கல் அவரை வெற்றி வேளையில் வீழ்ந்த வீரராகச் சொல்கிறது, சொல்பவர்கள் வென்றவர்கள். நகரைக் கைப்பற்றிய படையினர் அடுத்து வந்த நாட்களில் கொன்று குவித்த தில்லிவாசிகளுக்குப் பெயர் பொறித்த கல் ஏதுமில்லை. அதே தோட்டத்தில் கைக்குழந்தைகளின் கல்லறைகள் ஏராளமாக இருக்கின்றன. குழந்தைகளின் கற்கள் குறைவாகவே பேசுகின்றன, ஆகவே குறைவாகவே பொய் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

நம் மரபிலும் கல் உண்டு என்பதை மாமிதான் நினைவூட்டினார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் போரில் இறந்தவர்களுக்குக் கல் நடுவதையே படிப்படியாக வரிசைப்படுத்துகிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் அந்த வேலை முழுவதும் உயிரோடிருப்பவர்களுடையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்றின் வாசகம், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலோடு தொடர்புடைய தீயன் அந்தவன் என்பவனின் கல் இது என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊர், நிகழ்ச்சி, பெயர், கல். ஓர் அடைமொழிகூட இல்லை. அதைப் படித்துக் காட்டியபோது மாமியின் முகத்தில் தெரிந்த நிறைவை என் எந்த அத்தியாயமும் வரவழைத்ததில்லை.

இப்போது என்னிடமும் சிலர் தங்கள் பக்கங்களைக் கொண்டுவந்து தருகிறார்கள். குளிர்காலத்தில் அவர்களைத் தில்லி கண்டோன்மென்ட் பகுதியில் பிரார் சதுக்கத்துக்கு அருகே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவேன். வட இந்தியாவின் பல ஊர்களில் சிதறிக் கிடந்த படைவீரர்களின் உடல்களை எடுத்துவந்து சேர்த்த இடம் அது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் மட்டும் 1,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். இத்தகைய தோட்டங்களைப் பராமரிக்கும் ஆணையம், முதல் உலகப் போரில் மாண்டவர்களின் குடும்பத்தாருக்குக் கல்லின் அடிப்பகுதியில் தங்கள் சொந்த வரியைப் பொறித்துக்கொள்ள 66 எழுத்துகள் வரை, இடைவெளிகளையும் சேர்த்து, அனுமதித்தது. எல்லாரும் சமம் என்ற காரணத்தால் நியூசிலாந்து அரசு அதையும் வேண்டாம் என்று மறுத்துவிட்டது. அந்தக் கணக்கையே நான் பயிற்சியாகத் தருகிறேன்: உங்கள் தாயையோ தந்தையையோ 66 எழுத்தில் எழுதுங்கள். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே எண்ணுவதால் தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை கிடைத்துவிடுகிறது. தியாகம், அன்பு என்று தொடங்கியவர்கள் பாதியில் திணறினார்கள். ‘ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே என்னைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்குத் தயார் செய்தவள்’ என்று எழுதியவரின் புத்தகம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்வேன்.

நிஜாமுதீன் தர்கா வளாகத்தில் இருக்கும் ஜஹானாராவின் கல்லறை மட்டும் இந்தப் பாடத்துக்குள் அடங்க மறுக்கிறது. தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகானின் மகளான அவர் 1681இல் இறந்தார். சலவைக்கல் தடுப்புக்குள், கூரையில்லாமல், மேலே மண்ணும் புல்லுமாக இருக்கிறது சமாதி. பசும்புல் தவிர வேறொன்றும் தன்னை மூட வேண்டாம் என்று பாரசீகத்தில் தாமே எழுதிவைத்த வரிகள் தலைமாட்டுக் கல்லில் உள்ளன. கல்லைத் தானே நட்டுக்கொண்டவர் அவர். “எளிமையை எழுத்துல கேட்டு வாங்கியிருக்கா, இடத்தைத் தேர்ந்தெடுத்ததுல எளிமையே இல்லையே” என்று மாமி சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை, ஏனெனில் சூஃபி ஞானியின் சமாதிக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரசகுமாரி போன்றவர்களுக்கே எளிது. ஆனாலும் அதே ஜஹானாரா தம் இருபதுகளில் குரு முல்லா ஷாவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, தாம் சீடரான கதையை அதற்குள் வைத்திருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்குக் குருவின் கதை வாசலாக இருந்தது.

உ.வே.சாமிநாதையரிடமும் இந்த வரிசையைக் காணலாம். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக ஐயர் வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். தம் சொந்தக் கதையை ஆனந்த விகடனில் தொடங்கியது அதற்கும் பின்னர், 1940இல். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமல் நின்றது. ஆசிரியரின் கதை முடிந்துவிட்டது, தன் கதை முடியவில்லை என்ற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாமியைப் பற்றிய அத்தியாயத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். திருமணத்துக்குப் பின் பல ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், அது ‘கே’. அவருடைய மகள் எனக்குத் தந்த வீட்டுக் கணக்கு நோட்டுகளிலோ, அதே ஆண்டுகளில் பால், மண்ணெண்ணெய்க் கணக்குகளுக்கு நடுவே பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிய தபால் செலவும், கதை திரும்பி வந்த தேதியும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன, அது ‘க’. ஏன் மறைத்தார் என்பதற்கு என்னிடம் இருப்பதெல்லாம் ‘ஊ’ மட்டுமே. அம்மா சொன்னதையே எழுதினால் போதும் என்பது மகளின் விருப்பம். மூன்றையும் ஓரக்குறிகளோடு அப்படியே அச்சிடப் போகிறேன் என்றும், மகளின் மறுப்பை அவர் சொற்களிலேயே அடுத்த பக்கத்தில் சேர்ப்பேன் என்றும் அவருக்கு எழுதியிருக்கிறேன்.