கோரா மடத்தின் தென்புறச் சிற்றாலயம்: எங்கே நின்று எதைப் பார்ப்பது

இஸ்தான்புல்லில் எதிர்னெகாபி பக்கம் உள்ள பழைய கிறிஸ்தவ மடமான கோராவைப் பார்க்கப் போகிறவர்கள் மொசைக்குகளிலேயே கழுத்து வலித்துப்போய், தெற்கே ஒட்டியிருக்கும் சிற்றாலயத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். முன்மண்டபத்துக்குள் நுழைந்ததும் வலது கோடிக்குப் போனால் இரண்டு தூண்கள். அவற்றைத் தாண்டினால் சிற்றாலயம்.

பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசின் நிதிப் பொறுப்பில் இருந்த தியோடர் மெட்டோகைட்டீஸ் 1315 முதல் 1321 வரை இந்த மடத்தைப் புதுப்பித்தார். சிற்றாலயம் அடக்கத்துக்கென்றே கட்டியது. பக்கச் சுவர்களில் நான்கு கல்லறை மாடங்கள், கீழே நிலவறை. படங்கள் மரணத்தையும் அதற்குப் பிறகானதையும் சுற்றி வருவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். குவிமாடத்தின் 12 பட்டைகளில் தேவதூதர்கள், உச்சியில் குழந்தையோடு மரியாள். நாலடி நகர்ந்தால் கிழக்கு விதானத்தில் இறுதித் தீர்ப்பு. அதில் ஒரு தேவதூதர் சூரியன், சந்திரன், நட்சத்திரங்களோடு வானத்தையே பாய்போல் சுருட்டித் தூக்கிப் போகிறார். வெள்ளையாக, நத்தை ஓடு மாதிரி தெரிவது அந்த வானம்தான்!

கோடியிலுள்ள அரைக்கோளத்தில் பாதாளத்தில் இறங்கும் கிறிஸ்து. ஆதாமையும் ஏவாளையும் கைகோத்து அழைக்கவில்லை, மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறார். சிவப்பு ஆடையில் இருப்பவள் ஏவாள். காலடியில் பெயர்ந்த கதவுகள், சிதறிய பூட்டு, சாவிகள், கட்டுண்ட சாத்தான். காலையில் கீழேயுள்ள கிழக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். மதியத்துக்கு மேல் போவது நல்லது.

இந்தச் சுவரோவியங்களின் பின்னணி ஏன் ஏறக்குறைய கறுப்பாக இருக்கிறது? ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் பூசிய காவி, மஞ்சள் மண், பச்சை மண் எல்லாம் சாந்து இறுகும்போது அதோடு சேர்ந்து இறுகிவிடும். நீலக் கல்பொடி அப்படி ஒட்டாது. அதனால் அடியில் கரி பூசி, சாந்து காய்ந்த பிறகு பசை கலந்து நீலத்தை மேலே தீட்டுவது பைசாந்திய வழக்கம். ஈரம் ஏறினால் முதலில் உதிர்வது அந்த நீலம், மிஞ்சுவது கரி. கடைசியாகத் தீட்டிய சன்னக் கோடுகளுக்கும் இதே கதிதான். முகங்கள் தப்பிவிட்டன.

சாந்தின் இணைப்புகளையும் தேடுங்கள். சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்ட வேண்டும் என்பதால் மேலிருந்து கீழாக, சாரத்தின் ஒவ்வொரு தட்டாக வேலை நடக்கும். கீழ்ச் சாந்தின் விளிம்பு மேலதன் மேல் ஏறியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அது தெரியும். ஃப்ளாஷ் அடித்தால் தட்டையாகி ஒன்றும் தெரியாது, அடிக்கவும் கூடாது. ஒரு சின்ன பைனாகுலர் போதும்.

1940களின் இறுதியில் தொடங்கி 1958 வரை அமெரிக்க பைசாந்திய நிறுவனம் இதைச் சுத்தம் செய்தது. படம் இல்லாத இடங்களை ஊகித்து வரையவில்லை, வெறும் சாந்தாகவே விட்டார்கள். சரியான முடிவு.

ஓட்டோமான் காலத்தில் பள்ளிவாசலாகி, பிறகு அருங்காட்சியகமாக இருந்த இது 2024 மே முதல் மீண்டும் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. பெண்கள் தலைக்குத் துணி எடுத்துச் செல்ல வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு உண்டு. வெளியே வந்ததும் கட்டடத்தின் பின்புறம் போய், கிழக்குச் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் வளைவுத் தாங்கலையும் பாருங்கள்.